ஆச்சிமுத்துவுக்கு நிரந்தர நியமனம்

நாட்டில் இயல்பு நிலை திரும்பிவிட்டது என்று எண்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. அது வரும்வரை நெடுந்தீவுச் சனத்துக்கு இந்தச் சங்கதி தெரியாது. வள்ளம் இருக்கிற நாளில் எண்ணெய் இல்லை, எண்ணெய் இருக்கிற நாளில் வள்ளத்துக்கு அனுமதி இல்லை என்ற ஒழுங்கில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள், தட்டச்சில் அடித்து முத்திரை குத்தி மூன்று பிரதியில் வந்த கடதாசியை வாசித்த பிறகுதான் தாங்கள் இயல்பாக இருப்பதை அறிந்துகொண்டார்கள்.

"மேற்படி இயல்பு நிலையைப் பொதுமக்கள் ஐயந்திரிபற உணரும்பொருட்டு" தீவுப்பகுதிப் பண்பாட்டு இணைப்புக் காரியாலயம் ஒரு நாடகப் போட்டி வைப்பதாகச் சுற்றறிக்கை சொன்னது. வரலாற்று மாந்தரை அடியொற்றிய தனியாள் நாடகம். ஒருவரே எழுதி ஒருவரே நடிக்கவேண்டும். அதற்குக் காரணம் இரண்டு. அந்த வருடம் யாழ்ப்பாணப் பட்டினத்தில் அதுதான் நாகரிகம். முன்பெல்லாம் நாடகம் என்றால் ராசா வேண்டும், மந்திரி வேண்டும், பபூன் வேண்டும், ஆர்மோனியக்காரருக்குக் கோப்பி வேண்டும். இப்போது கறுப்புக் காற்சட்டை போட்ட ஒருவரும் ஒரு கதிரையும் போதும். கதிரையும் இல்லாவிட்டால் இன்னும் உயர்ந்த நாடகம். மற்றக் காரணம், ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக்கூடாது என்றொரு தடை இருந்தது. அந்த மாதம் அதைப் போட்டிருந்தது யார் என்பதில் அபிப்பிராய பேதம் இருந்தபடியால், எல்லாருக்கும் பயந்து எல்லாரும் கடைப்பிடித்தார்கள். நடிப்பவர் ஒருவர், நடுவர் மூவர், ஆக நால்வர். சட்டப்படி இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருந்தது.

கடைசிப் பந்தி இப்படி முடிந்தது: "முதற்பரிசு பெறுபவர் தமது கிராமப் பாடசாலையில் நிரந்தர ஆசிரிய நியமனத்துக்கு விசேடமாகப் பரிந்துரைக்கப்படுவார்."

ஜசிந்தா அந்தப் பந்தியை நாலு தரம் வாசித்தாள்.

அவளுக்கு முப்பத்துநாலு வயது. நெடுந்தீவு மேற்கில் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமாக மூன்றாம் வகுப்பைப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்பது சம்பளம் இல்லாதவரைக் குறிக்கும் மரியாதைச் சொல். நிரந்தரம் கேட்டு வருடா வருடம் விண்ணப்பம் போட்டாள். கடைசியாகப் போட்டதற்கு "கவனத்துக்கு எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் எழுதியிருந்த இளம் லிகிதன் அவளிடமே எழுத்துப் படித்தவன். கடிதத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அது அவளுக்கு ஓர் ஆறுதல்.

நாடகம் எழுத உட்கார்ந்தபோது முதல் இடைஞ்சல் வந்தது. வரலாற்று மாந்தர் சொந்தத் தீவைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்று விதி. பள்ளிக்கூட அலுமாரியில் கிடந்த தீவு வரலாற்றை எடுத்துப் பார்த்தாள். போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், துரைமார் கோட்டை கட்டினார்கள், குதிரை வளர்த்தார்கள். குதிரைகளுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தது. ஊர்ப் பெண்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகவே ஜசிந்தா தானே ஒருத்தியை உண்டாக்கினாள். பெயர் ஆச்சிமுத்து. பிறந்தது ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு. புருஷன் மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டான். ஒல்லாந்தத் துரையின் ஏட்டில் அவன் பெயர் உயிரோடு இருந்தது. தலைவரி கட்டவேண்டும், கோட்டைக்குக் கல் சுமக்கும் ஊழியமும் செய்யவேண்டும். ஆச்சிமுத்து நாற்பது தரம் துரையிடம் நடந்தாள். "செத்தது உண்மையென்றால் அவனே வந்து சொல்லட்டும்" என்றார் துரை. நாற்பத்தோராந் தரம் அவள், "அப்ப என்னையே அவராக எழுதிக்கொள்ளுங்கோ" என்று சொல்லி, புருஷனுடைய பெயரில் தானே கல் சுமந்தாள்.

எழுதி முடித்ததும் தாய் கிறேசம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். கிறேசம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே கேட்டா. ஜசிந்தாவின் தகப்பன் வலையோடு போய்த் திரும்பாமல் ஒன்பது வருடம். உடல் கிடைக்காதபடியால் மரணப் பத்திரமும் கிடைக்கவில்லை. பங்கீட்டுப் புத்தகத்தில் மனிசன் இன்னும் இருந்தார்.

"இது என்ர கதையெல்லோ" என்றா கிறேசம்மா.

"இல்லையம்மா, ஒல்லாந்தர் காலத்துக் கதை."

"அப்ப துரை ஏன் வல்லிபுரத்தாரைப்போலக் கதைக்கிறார்?"

வல்லிபுரம் என்பவர் அந்தக் காலத்தில் வேறொரு கந்தோரில் லிகிதராக இருந்து, கிறேசம்மாவை இருபது தரத்துக்குக் குறையாமல் நடப்பித்தவர். இப்போது பதவி உயர்ந்து பண்பாட்டு இணைப்புக் காரியாலயத்தில் பிரதம லிகிதராக இருந்தார்.

போட்டிக்கு முன்னம் போட்டியாளருக்கு ஒருநாள் பயிற்சிப் பட்டறை நடந்தது. பட்டினத்திலிருந்து இலட்சுமணன் என்ற நவீன நாடகக்காரர் தாடியும் சணல் பையுமாக வந்திருந்தார். முற்பகல் முழுவதும் எல்லாரையும் கல்லாக இருக்கச் சொன்னார். பிற்பகல் ஜசிந்தாவின் பிரதியை வாசித்தார்.

"தங்கச்சி, இதில கதை இருக்கு."

"ஓம்."

"அதுதான் குறை. வசனமும் விளங்குது. விளங்கினால் சனம் யோசிக்காது."

"விளங்காட்டில் எழும்பிப் போயிடுவினம், அண்ணை."

"போகட்டும். வெறுங் கதிரைதான் இந்தக் காலத்தின்ர குறியீடு" என்றார் இலட்சுமணன்.

காரியாலயம் மண்கும்பான் போகிற வழியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. பிரதியைக் கொடுத்துப் பதிவதற்காக ஜசிந்தா காலை வள்ளத்தில் குறிகட்டுவானுக்கு வந்து, மடத்துவெளிக்குள்ளால் பஸ்ஸில் குலுங்கி, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தாள். வல்லிபுரம் பிரதியை வாசிக்கவில்லை. படிவத்தை மட்டும் வாசித்தார்.

"இந்த ஆச்சிமுத்து செத்திட்டாவோ?"

"ஒல்லாந்தர் காலத்து ஆள், ஐயா."

"நான் காலம் கேக்கேல்லை. செத்தவவோ, இல்லையோ?"

"செத்துப்போய்த்தானே இருப்பா."

"இருப்பா எண்டு நீரே சொல்லுறீர். செத்தவ எண்டால் மரண அத்தாட்சிப் பத்திரம் வேணும். பத்திரம் இல்லாட்டில் உயிரோட இருக்கிறவ. உயிரோட இருக்கிற ஆளைப் பற்றி நாடகம் எழுதிறதெண்டால் அவவின்ர சம்மதக் கடிதம் வேணும். ஒரு மனிசியின்ர மானமெல்லோ."

"அவவுக்கு இருநூற்றெழுபத்தாறு வயசு, ஐயா."

"வயசைப் பற்றிச் சுற்றறிக்கையில ஒண்டும் இல்லை."

வல்லிபுரம் மூடர் அல்ல. தெரிந்தது வேறு, கோவைக் கடதாசியில் இருப்பது வேறு என்பதை முப்பது வருடச் சேவையில் கற்றுத் தேர்ந்தவர். கற்றதைச் சனத்துக்கும் பகிர்ந்தார், அவ்வளவுதான்.

ஜசிந்தா ஊருக்குத் திரும்பி, கிராம அதிகாரியான விதானையார் செபமாலையிடம் போனாள். அவர் கூப்பிட்ட நேரத்துக்குக் கையொப்பம் வைக்கிற நல்ல மனிசன். ஆனால் மரணம் என்ற சொல்லைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்.

"பிள்ளை, இந்த நாளில ஒருத்தர் செத்தது எண்டு நான் எழுதினால், எப்பிடிச் செத்தது, ஆர் செய்தது, நீ ஏன் எழுதினனி எண்டு நாலு பகுதியும் வந்து கேக்கும். உயிரோட இருக்கு எண்டு எழுதினால் ஒருத்தரும் கேக்காது. உயிரோட எண்டே எழுதித் தாறன், கொண்டுபோம்."

எழுதித் தந்தார். மேற்படி ஆச்சிமுத்து இப்பிரிவில் நிரந்தரமாக வசிப்பவர் என்றும், நன்னடத்தையுடையவர் என்றும், எந்த இயக்கத்தோடும் தொடர்பற்றவர் என்றும் விதானையார் தம் அறிவுக்கெட்டியவரை உறுதிப்படுத்தினார்.

மறுநாள் வள்ளத்தில் இருந்தபடியே ஜசிந்தா சம்மதக் கடிதத்தையும் எழுதினாள். கையொப்பமிடும் இடத்தில் இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள். மனம் கொஞ்சம் அடித்துக்கொண்டது. பதினொரு வருடம் உண்மையாக இருந்து கண்டது என்ன என்று நினைத்ததும் அடங்கிவிட்டது.

வல்லிபுரம் எல்லாவற்றையும் பார்த்துத் திருப்திப்பட்டார். திருப்தி அவரை இன்னும் யோசிக்க வைத்தது.

"ஆள் உயிரோட, நன்னடத்தையோட இருக்கேக்கை, நீர் ஏன் அவவாக நடிக்கவேணும்? அது ஆள்மாறாட்டம். குற்றம். ஆச்சிமுத்துவே வந்து நடிக்கட்டும்."

"அப்ப நான், ஐயா?"

"தனியாள் நாடகம். ரெண்டு பேருக்கு இடமில்லை. வேணுமெண்டால் உம்மை 'உடன்வருபவர்' எண்டு போட்டுவிடுறன்."

வெளியே பஸ் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதை விட்டால் வள்ளம் போய்விடும். ஜசிந்தா உடன்வருபவராகக் கையெழுத்து வைத்தாள்.

போட்டியன்று நடுவர் கதிரையில் பண்பாட்டு இணைப்பதிகாரி பரராசசிங்கமும் இலட்சுமணனும் இருந்தார்கள். மூன்றாவது நடுவர் வந்த வள்ளம் கடலில் மறிக்கப்பட்டதால் அவருடைய கதிரையில் வல்லிபுரம் இருந்தார். சட்டத்தில் மிச்சமிருந்த இடத்தில் கிறேசம்மா இருந்தா.

படிவத்தில் ஆச்சிமுத்துவாகப் பதியப்பட்டு, நெற்றியில் குங்குமத்தோடு வந்து நின்ற ஜசிந்தா, துரையாகவும் ஆச்சிமுத்துவாகவும் மாறி மாறிக் கதைத்தாள். நாற்பதாந் தரக் கட்டம் வந்தது.

"உன் புருஷன் செத்தான் என்பதற்கு அத்தாட்சி என்ன?"

"கடல்தான், துரை."

"கடல் கையெழுத்து வைக்குமோ?"

"வைச்சிட்டுது, துரை. பாருங்கோ."

புறங்கையால் நெற்றியை அழித்துவிட்டு நிமிர்ந்தாள். கிறேசம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டா. பரராசசிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒல்லாந்தர் எவ்வளவு கொடுமைக்காரர்" என்றார் நாடகம் முடிந்ததும். "ஒரு ஏழை மனிசியை நாற்பது தரம் அலைக்கழிச்சிருக்கிறாங்கள். எங்கட ஆக்கள் நிர்வாகத்துக்கு வந்தது எவ்வளவு பெரிய காரியம்."

"ஓம், சேர்" என்றார் வல்லிபுரம். பிறகு ஜசிந்தாவிடம் திரும்பி, "எட்டு நிமிஷம் கூடிப்போச்சு. காரணத்தை மூண்டு பிரதியில எழுதித் தரவேணும். இண்டைக்கு ஏலாட்டில் திங்கட்கிழமை ஒருக்கா வாரும்" என்றார்.

இலட்சுமணனுக்கு ஒரு குறை இருந்தது. "இவ ஆச்சிமுத்துவுக்குள்ள இன்னும் முழுசாய்ப் போகேல்லை."

"ஆச்சிமுத்துவே வந்து நடிச்சிருக்கிறா எண்டு படிவத்தில இருக்கு" என்றார் வல்லிபுரம். "தனக்குள்ள தான் எப்பிடிப் போகாமல் இருப்பா?"

இலட்சுமணன் இந்தக் கேள்வியின் ஆழத்தில் அரை நிமிடம் கல்லாக இருந்துவிட்டு, முழுப் புள்ளியும் போட்டார்.

வைகாசியில் ஒரே வள்ளத்தில் மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது, முதற்பரிசு பெற்ற திருமதி ஆச்சிமுத்துவைக் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர ஆசிரியையாக நியமித்தது. இரண்டாவது, உடன்வந்தமைக்காகச் செல்வி ஜசிந்தாவுக்கு நன்றி சொன்னது. மூன்றாவது, நிரந்தர ஆசிரியை கிடைத்துவிட்டபடியால் மேற்படி ஜசிந்தாவின் தொண்டர் சேவை இனித் தேவையில்லை என்று தலைமை வாத்தியாருக்கு அறிவித்தது.

ஜசிந்தா அடுத்த நாளே பரராசசிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சேர், அப்பிடி ஒரு ஆள் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. நான்தான் உண்டாக்கினனான்."

பரராசசிங்கம் எழும்பிக் கதவைச் சாத்தினார். "இதை வேற ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை, சேர்."

"சொல்லவேண்டாம். அவவுக்கு வதிவிடச் சான்றிதழ் இருக்கு, கைநாட்டு இருக்கு, நியமனம் இருக்கு. உம்மட்டை என்ன இருக்கு?"

ஜசிந்தா யோசித்துப் பார்த்தாள். பதினொரு வருடம் இருந்தது. அதற்குக் கடதாசி இருக்கவில்லை.

"போய் ஆச்சிமுத்து எண்டு கையெழுத்து வைச்சுப் படிப்பியும்" என்றார் அவர் கனிவாக.

"ஆள்மாறாட்டம் குற்றம் எண்டு வல்லிபுரம் ஐயா சொன்னவர்."

"நடிச்சால்தான் குற்றம். வேலை செய்தால் என்ன குற்றம்? உம்மட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

அப்படியே நடந்தது. பிள்ளைகள் இரண்டு நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் "ஆச்சிமுத்து ரீச்சர்" என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். ஊர் அதற்கும் முந்திப் பழகிவிட்டது. பதினொரு வருடம் வழியில் கண்டால் தலையாட்டிவிட்டுப் போனவர்கள், நிரந்தரம் என்றதும் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். கலியாண வீடுகளில் முன்வரிசைக் கதிரை கிடைத்தது. புங்குடுதீவுத் தரகர் ஒருவர் கிறேசம்மாவிடம் வந்து, "பொம்பிளைக்கு வயசு கொஞ்சம் கூடத்தான், ஆனால் நிரந்தரமெல்லோ, மாப்பிள்ளை பகுதி அதைப் பெரிசுபடுத்தாது" என்றார். ஜசிந்தாவுக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. ஆனால் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கும் ஒவ்வொரு காலையும், யாரோ ஒருத்தியின் சோற்றைச் சாப்பிடுவதுபோல இருந்தது. அந்த ஒருத்தி தான் தானே என்று நினைத்துப் பார்த்தும் ருசி திரும்பவில்லை.

ஆறு மாதம் கழித்து நாலாவது கடிதம் வந்தது. கோவையைப் பரிசீலித்தபோது, திருமதி ஆச்சிமுத்து ஓய்வுபெறும் வயதை இருநூற்றுப் பதினாறு வருடங்களால் கடந்திருப்பது தெரியவந்துள்ளது. உடனடியாக ஓய்வுபெறவும். தாமதத்துக்கான விளக்கத்தைப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் சமர்ப்பிக்கவும்.

தலைமை வாத்தியாருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தை வெளிக்காட்ட அவருக்குத் தெரிந்த வழி சிறப்பு மலர் அச்சிட்டு வெளியிடுவது. அந்த மாதம் தடையைப் போட யாருக்கும் நேரம் கிடைக்காதபடியால் ஊர் முழுவதும் கூடி, ஆச்சிமுத்து ரீச்சரின் சேவைநலன் பாராட்டு விழாவையும் மலர் வெளியீட்டையும் நடத்தியது. மலருக்கு முப்பத்திரண்டு பேர் வாழ்த்துரை எழுதியிருந்தார்கள். "பதினொரு வருடமாக மூன்றாம் வகுப்பைத் தாய்போல் தாங்கியவர் ஆச்சிமுத்து ரீச்சர்" என்று எழுதினார் தலைமை வாத்தியார். "அன்னாரின் குடும்பத்தை மூன்று தலைமுறையாக அறிவேன்" என்றார் விதானையார். "நான் மூச்சடக்கி எடுத்த முத்து" என்றார் பரராசசிங்கம். "என் மாணவி" என்று மட்டும் எழுதினார் இலட்சுமணன், சிற்றெழுத்தில். அவள் யார் என்பது முப்பத்திரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் எழுதினால்தான் இப்படி அழகாக வரும்.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். ஜசிந்தா மாலையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஆச்சிமுத்து எண்டு ஒரு ஆள் இல்லை. பதினொரு வருஷம் உங்கட பிள்ளையளைப் படிப்பிச்சது நான். என்ர பேர் ஜசிந்தா. உங்கள் எல்லாருக்கும் அது தெரியும்."

சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு இலட்சுமணன் எழும்பி நின்று கைதட்டினார். "இதுதான் நவீன நாடகம். இப்பதான் இவ பாத்திரத்துக்குள்ள போயிருக்கிறா." நாகரிகம் தெரியாத ஊர் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் சனம் முழுவதும் எழும்பிக் கைதட்டியது.

தை மாதம் மூன்றாம் வகுப்புக்கு ஆள் இல்லை. தலைமை வாத்தியார் வீடு தேடி வந்தார். "தொண்டராய் எண்டாலும் வா, பிள்ளை. புதுசாய் ஒரு விண்ணப்பம் போடு. முந்திப் படிப்பிச்சனி எண்டு ஒரு சாட்சி மட்டும் வேணும்."

"நீங்கள் வைக்கலாமே, சேர்."

அவர் நிலத்தைப் பார்த்தார். "நான் மலரில ஆச்சிமுத்து எண்டு எழுதிப்போட்டன். அச்சில வந்திட்டுது, பிள்ளை. இனி மாறிச் சொன்னால் நான் பொய்யனெல்லோ."

விதானையாரும் அதையே சொன்னார். கடைசியாகக் கடைக்கார யாகப்புவிடம் போனாள். அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் எழுத்துக் காட்டினவள் அவள்தான்.

"உண்மை, பிள்ளை. ஆர் இல்லையெண்டது? ஆனால் மலரின்ர பின்னட்டையில என்ர கடை விளம்பரம் வந்திருக்கு. 'ஆச்சிமுத்து ரீச்சரிடம் எமது மக்கள் கற்றார்கள்' எண்டு."

ஜசிந்தா வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தைத் திரும்பவும் வாசித்தாள். அடியிலே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரும் சாட்சியாகக் கையொப்பமிடலாம். அந்தக் கிராமத்தில் அப்படி ஒருவர்தான் இருந்தார்.

கிறேசம்மா மகளின் முகத்தைப் பார்த்தா. விளக்கைக் கிட்டத் தள்ளி வைத்தா. ஆச்சிமுத்து கையொப்பமிட்டாள். செல்வி ஜசிந்தாவைத் தமக்கு நீண்ட காலமாகத் தெரியும் என்றும், நல்ல பிள்ளை என்றும் இரண்டு வரி எழுதினாள்.

காரியாலயத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக எட்டு நாளில் பதில் வந்தது. பெருமதிப்புக்குரிய ஆச்சிமுத்து அம்மையாரின் பரிந்துரையை முன்னிட்டு, செல்வி ஜசிந்தா இன்று தொடக்கம் தொண்டர் ஆசிரியையாக ஏற்கப்படுகிறார். முன்னைய சேவைக் காலம் எதுவும் கணிக்கப்படமாட்டாது. அம்மையார் விட்டுச்சென்ற இடத்தை இவரால் நிரப்ப இயலுமோ என்பது ஐயத்துக்குரியது. எனினும் முயற்சிக்கவும்.

கடிதத்தை யாகப்பு தன் கடை வாசலில் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பாண் வாங்க வந்து நின்ற நாலைந்து பேரும் கேட்டார்கள்.

"எழுதினவன் யோசிச்சுத்தான் எழுதியிருக்கிறான்" என்றார் யாகப்பு. "நீயும் கெட்டிக்காரிதான், பிள்ளை, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அந்த ரீச்சரைப்போல வராது."

நின்றவர்கள் எல்லாரும் ஓம் என்றார்கள்.